வெள்ளைக்காரர்கள் அழமாட்டார்களா? பிரிட்டிஷ் மனவுறுதி, கௌரவம், உயிர்த்தியாகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கு வரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஊர் சுற்றிக் காட்டுவது பல வருடங்களாக என் பொறுப்பு. டிரஃபால்கர் சதுக்கம், வாட்டர்லூ பிளேஸில் தென்துருவப் பயணி ஸ்காட்டின் சிலை, செனோடாஃப் நினைவுத்தூண் என்று நடக்க நடக்க அதே சந்தேகங்கள் வரும். இங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகள் வேறு விதமாகக் கேட்பார்கள். ஆனால் சுற்றிவளைத்து வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும்.

வெள்ளைக்காரங்க அழவே மாட்டாங்களாமே, பிறவியிலேயே அப்படித்தானா?

இல்லை. இருநூற்று ஐம்பது வருடங்களுக்கு முன்னால் வந்திருந்தால், இவர்கள் ஏன் இப்படி அழுகிறார்கள் என்று கேட்டிருப்பீர்கள். 1791 மே மாதம் நாடாளுமன்றத்தில், பிரெஞ்சுப் புரட்சி பற்றிய வாக்குவாதத்தின் நடுவே, எட்மண்ட் பர்க் தன் நெடுநாள் நண்பர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுடன் நட்பு முறிந்தது என்று அறிவித்தார். பதில் சொல்ல எழுந்த ஃபாக்ஸுக்குப் பேச்சு வரவில்லை. அத்தனை பேர் முன்னாலும் கண்ணீர் வழிய நின்றார். அதற்காக யாரும் அவரைக் கோழை என்று சொல்லவில்லை. பிறர் துன்பத்துக்கும் நட்புக்கும் கண் கலங்குவது அன்று பண்பட்ட மனிதனின் அடையாளமாக இருந்தது.

1805-ல் டிரஃபால்கர் கடற்போரில் குண்டடிபட்டுக் கிடந்த கடற்படைத் தளபதி நெல்சன், சாகும் தறுவாயில் தன் கப்பலின் கேப்டன் ஹார்டியிடம் ஒரு முத்தம் கேட்டார். ஹார்டி மண்டியிட்டுக் கொடுத்தார். மறு ஜனவரியில் செயின்ட் பால் பேராலயத்தில் அடக்கம் நடந்தபோது, அவருடைய மாலுமிகள் கப்பல் கொடியைக் கிழித்து நினைவுக்காக ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன், மாண்டவர்களின் பெயர்களை மருத்துவர் சொல்லக் கேட்டு அழுதார். இரும்பு மனிதர் என்று பெயரெடுத்தவர் அவர்.

அது என்ன, உதட்டை வச்சு ஒரு பழமொழி சொல்றாங்களே?

மேலுதட்டை விறைப்பாக வைத்துக்கொள் என்பது அந்த வழக்கு. அழுகை முட்டும்போது உதடுதான் முதலில் துடிக்கும். துடிக்கவிடாதே என்று பொருள். பிரிட்டிஷ் குணத்தின் முத்திரையாக உலகமே சொல்லும் இந்தத் தொடர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் அச்சாகியிருக்கிறது. இங்கே வந்து ஊன்றியது பிறகுதான். இன்னொரு செய்தியும் உண்டு: பிரிட்டிஷ் ராணுவ விதிப்படி படைவீரர்கள் மேலுதட்டை மழிக்கக்கூடாது. 1916 அக்டோபர் வரை மீசை கட்டாயம்.

ஸ்டோயிக்னு ஒரு கிரேக்கத் தத்துவம் இருக்கே, அதுவும் இதுவும் ஒண்ணா?

பெயரளவில் உறவு உண்டு, உள்ளே வேறு. ஏதென்ஸில் ஜீனோ தொடங்கிய அந்த மரபில் அடிமையாக இருந்த எபிக்டீட்டஸும் வருகிறார், பேரரசர் மார்க்கஸ் அரேலியஸும் வருகிறார். மனிதரைக் கலக்குவது நிகழ்ச்சிகள் அல்ல, அவற்றைப் பற்றி அவர்கள் கொள்ளும் எண்ணங்களே என்பது எபிக்டீட்டஸின் அடிப்படை. ஆகவே உன் எண்ணத்தை எடுத்துப் பார், சரிதானா என்று விசாரி என்கிறார் அவர். அது உள்ளே நடக்கிற வேலை.

விக்டோரியா காலப் பிள்ளைகள் பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் படித்தார்கள். அந்தப் பெயர்கள் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் விடுதியில் அவர்கள் பழகியது முகத்தில் ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொள்வது. உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை வளர்ப்பு பற்றிய கேள்வியில் திரும்ப வரும்.

அழுதுகிட்டிருந்தவங்க எப்படித்தான் மாறினாங்க?

ஒரே காரணம் சொல்ல முடியாது. பிரெஞ்சுப் புரட்சியின் ரத்தத்தைப் பார்த்த பிறகு, உணர்ச்சி பொங்குவது பிரெஞ்சுக்காரன் வேலை, ஆபத்தானது என்ற எண்ணம் இங்கே பரவியது. அடக்கத்தையும் கடமையையும் வலியுறுத்திய சுவிசேஷக் கிறிஸ்தவம் நடுத்தரக் குடும்பங்களில் வேரூன்றியது. எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் பள்ளிக்கூடம் என்பது என் எண்ணம்.

பப்ளிக் ஸ்கூல் என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அவை வசதியானவர்களின் பிள்ளைகள் படிக்கும் தனியார் விடுதிப் பள்ளிகள். 1828 முதல் 1842 வரை ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்ட், அறிவைவிட ஒழுக்கத்தை முன்னால் வைத்தார். அவர் வழியைப் பின்பற்றிப் புதிய பள்ளிகள் பெருகின. ஏழெட்டு வயதில் தாயைப் பிரிந்து விடுதிக்குப் போகும் பிள்ளை அங்கே முதலில் கற்றுக்கொள்வது, இரவில் சத்தம் வராமல் அழுவது. அடுத்து, அழாமலே இருப்பது. பிறகு இளம் வயதிலேயே அவனைக் கப்பலேற்றி, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, மொழி தெரியாத ஒரு ஜில்லாவை ஆளச் சொல்ல முடிந்தது. பேரரசுக்கு அப்படிப்பட்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

ஹானர் ஹானர்ங்கிறாங்களே, அது மானமா கௌரவமா?

காலத்தைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். 1829-ல் என்றால் நம் சொல்லில் மானத்துக்குக் கிட்ட வரும். ஒருவன் அவமதித்துவிட்டால் துப்பாக்கியோடு நேருக்கு நேர் நின்றாக வேண்டும். அந்த வருடம் மார்ச் 21-ஆம் தேதி, பதவியில் இருக்கும் பிரதமரான வெலிங்டனே பேட்டர்ஸீ வயல்வெளியில் வின்செல்ஸீ பிரபுவுடன் இப்படி நின்றார். கத்தோலிக்கர்களுக்கு உரிமை தரும் சட்டத்தைப் பற்றிப் பிரபு எழுதிய கடிதம்தான் காரணம். வெலிங்டனின் குண்டு படவில்லை, பிரபு வானத்தில் சுட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

1843-ல் லண்டன் கேம்டன் டவுனில் கர்னல் ஃபாஸெட்டை அவருடைய சகலையே சுட்டுக் கொன்றார். அக்காவும் தங்கையுமாக இருந்த இரண்டு குடும்பங்கள் ஒரு விடியற்காலையில் சிதைந்தன. நாடே கொதித்தது. மறு வருடம் ராணுவச் சட்டத்தில், தவறு செய்தவர் மன்னிப்புக் கேட்பதே கௌரவமுள்ள மனிதருக்கு அழகு என்று எழுதிச் சேர்த்தார்கள். அதன்பிறகு மெல்ல மெல்ல கௌரவம் என்பது அவமானத்துக்குப் பழி வாங்குவதிலிருந்து கடமையைச் செய்து முடிப்பதற்கு நகர்ந்தது.

1856 ஜனவரியில் விக்டோரியா கிராஸ் விருது வந்தது இந்த மாற்றத்தின் உச்சம். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே பதக்கம். துணிந்தவர்களுக்கு என்று பொறிக்கலாமா என்று கேட்டபோது ராணி மறுத்தார். அப்படி எழுதினால் பதக்கம் வாங்காதவர்கள் துணிவில்லாதவர்கள் என்றாகிவிடுமே என்பது அவர் எண்ணம். வீரத்துக்காக என்று மாற்றச் சொன்னார். அந்தச் சிறு திருத்தத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

கப்பல் மூழ்கினா பெண்களும் குழந்தைகளும் முதல்ல. அது கடல் சட்டமா?

எந்தக் கடல் சட்டத்திலும் அப்படி இல்லை. அது ஒரு கதையாகத் தொடங்கி மரபானது. 1852 பிப்ரவரி 26 அதிகாலை, தென்னாப்பிரிக்கக் கரையோரம் பர்க்கன்ஹெட் என்ற படைக் கப்பல் பாறையில் மோதியது. உயிர்காக்கும் படகுகள் போதவில்லை. பெண்களும் குழந்தைகளும் ஒரு படகில் ஏறினார்கள். கப்பல் உடைந்தபோது, நீந்திப் போய் அந்தப் படகைப் பிடிக்காதீர்கள், அது கவிழ்ந்துவிடும் என்று அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்கள். சிப்பாய்கள் அணிவகுத்து அப்படியே நின்றார்கள். பெரும்பாலும் அண்மையில் படையில் சேர்ந்த இளைஞர்கள் அவர்கள். ஏறக்குறைய 640 பேரில் 193 பேர் பிழைத்தார்கள். அதில் கப்பலில் இருந்த பெண்களும் குழந்தைகளும் அத்தனை பேரும் அடக்கம்.

1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது எல்லாருக்கும் இந்தக் கதை தெரிந்திருந்தது. ஆனாலும் கப்பலின் ஒரு பக்கத்தில் லைட்டோலர் என்ற அதிகாரி, பெண்களும் குழந்தைகளும் மட்டுமே என்று எடுத்துக்கொண்டு இடம் இருந்தும் ஆண்களை விடவில்லை. மறுபக்கத்தில் மர்டாக், பெண்கள் இல்லாதபோது ஆண்களை ஏற்றினார். ஒரு ஆண் பிழைப்பதும் சாவதும் அவன் எந்தப் பக்கம் நின்றான் என்பதைப் பொறுத்திருந்தது. பெண்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் பிழைத்தார்கள், ஆண்களில் ஐந்தில் ஒருவர். ஆனால் மூன்றாம் வகுப்பில் வந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குதான் கரை சேர்ந்தது. குழந்தைகள் முதலில் என்ற மரபு கீழ்த்தளம்வரை இறங்கவில்லை.

2012-ல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் 18 கப்பல் விபத்துகளைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். பொதுவாக ஆண்களைவிடப் பெண்களே குறைவாகப் பிழைத்திருக்கிறார்கள், பயணிகளைவிட மாலுமிகளே அதிகம் பிழைத்திருக்கிறார்கள். பர்க்கன்ஹெட்டும் டைட்டானிக்கும் விதிவிலக்குகள். அதனால் அந்த இரவுகளில் நின்றவர்களின் பெருமை கூடுகிறதே தவிரக் குறையவில்லை என்று நினைக்கிறேன். இயல்பாக நடக்கிற ஒன்றை அவர்கள் செய்யவில்லை.

தப்பான உத்தரவுன்னு தெரிஞ்சும் குதிரையில பாஞ்சு செத்தாங்களே, அதையா புகழ்ந்து பாட்டெழுதறது?

1854 அக்டோபர் 25, ரஷ்யாவோடு நடந்த கிரிமியப் போரில் பாலக்ளாவா. மலைமேலிருந்த தளபதி ராக்லன் பார்த்த பீரங்கிகள் வேறு, பள்ளத்தாக்கில் நின்ற குதிரைப்படைத் தலைவர் லூகன் பார்த்தவை வேறு. உத்தரவைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் கையை வீசிக் காட்டிய திசை தெளிவாக இல்லை. லூகனும், அவருக்குக் கீழே அந்தப் பாய்ச்சலை நடத்திய கார்டிகனும் மைத்துனர்கள், ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுத் தெளிந்திருக்கலாம். ஏறக்குறைய 670 பேர் மூன்று பக்கமும் பீரங்கி இருந்த பள்ளத்தாக்குக்குள் பாய்ந்தார்கள். சுமார் 110 பேர் செத்தார்கள். டென்னிசன் சில வாரங்களில் எழுதிய புகழ்பெற்ற கவிதையும் யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஏன் என்று கேட்பது சிப்பாயின் வேலை இல்லை என்று சொல்லிவிட்டது.

பர்க்கன்ஹெட்டில் நின்றவர்கள் எதற்காக நிற்கிறோம் என்று தெரிந்து நின்றார்கள்; எதிரே படகில் குழந்தைகள் இருந்தன. பாலக்ளாவாவில் பாய்ந்தவர்களின் உயிர், மேலே இருந்த இரண்டு பேரின் பகையில் போனது. இரண்டையும் ஒரே சொல்லால் தியாகம் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1890-ல் அந்தப் படையில் பிழைத்திருந்த முதியவர்கள் பலர் வறுமையில் வாடுவது தெரிந்து பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. அதற்காகவே முதிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் குரலை எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்தார்கள். அந்தக் குரல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது.

எல்லாம் ராணுவம், பிரபுன்னே இருக்கே. சாதாரண ஜனங்க?

இந்தக் கேள்வியை 1887-லேயே ஒருவர் கேட்டார். ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ் என்ற ஓவியர், விக்டோரியா ராணியின் பொன்விழாவை ஒட்டி டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட எளியவர்களுக்கு நினைவிடம் வேண்டும் என்றார். அரசு ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் அவரே முனைந்து, 1900-ல் போஸ்ட்மேன்ஸ் பார்க் என்ற சிறு பூங்காவில் ஒரு கூரையும் சுவரும் எழுப்பினார்.

அவர் கடிதத்தில் எடுத்துக்காட்டாகச் சொன்ன பெண் அலிஸ் அயர்ஸ். கொத்தனார் கூலியாளின் மகள். 1885 ஏப்ரலில் யூனியன் தெருவில் அக்கா வீட்டுக் கடை தீப்பிடித்தது. கீழே கூட்டம் குதி குதி என்று கத்தியது. அவர் முதலில் ஒரு மெத்தையை ஜன்னல் வழியே தள்ளினார். பிறகு உள்ளே போய் ஒரு குழந்தையோடு வந்து கீழே விட்டார். மறுபடி போனார், மறுபடி வந்தார், மூன்றாவது முறையும் போனார். கடைசியில் அவர் குதித்தபோது உடலில் வலு இல்லை, சரியாக விழவில்லை. இரண்டு நாளில் இறந்துபோனார்.

கௌரவம் என்பது பிரபுக்களின் சொத்தாக இருந்த நாட்டில், ஒரு வேலைக்காரப் பெண்ணின் பெயரைப் பீங்கானில் எழுதிச் சுவரில் பதித்தார்கள். இந்த நாட்டின் வரலாற்றில் இதைப் பெரிய திருப்பமாகவே பார்க்கிறேன்.

ஓட்ஸ் பண்ணது தியாகமா தற்கொலையா?

ஸ்காட் சிலைக்குக் கீழே நின்று பலரும் கேட்டது இது. நடந்ததை முதலில் சொல்கிறேன். ஸ்காட்டும் நான்கு தோழர்களும் 1912 ஜனவரி 17 அன்று தென்துருவத்தை அடைந்தபோது, நார்வேயின் அமுண்ட்சென் ஐந்து வாரம் முன்பே வந்துபோயிருந்தார். திரும்பும் வழியில் எட்கர் எவன்ஸ் இறந்தார். லாரன்ஸ் ஓட்ஸுக்குப் பாதம் பனியில் கருகிவிட்டது, போயர் போரில் பட்ட பழைய காயமும் தொல்லை கொடுத்தது. அவரால் மற்றவர்களின் நடை தாமதமானது. என்னைத் தூங்கும் பையோடு விட்டுவிட்டுப் போங்கள் என்றார், அவர்கள் கேட்கவில்லை. ஓர் இரவு இனி விழிக்கக்கூடாது என்று நினைத்துப் படுத்தார். விழித்துவிட்டார். வெளியே பனிப்புயல். கொஞ்சம் வெளியே போகிறேன், வர நேரமாகலாம் என்று சொல்லிவிட்டுக் கூடாரத்தை விட்டுப் போனார். மார்ச் 16 அல்லது 17. ஸ்காட்டுக்கே தேதி குழம்பிவிட்டது. 17 என்றால் ஓட்ஸின் 32-ஆவது பிறந்தநாள்.

இதற்கு ஒரே சாட்சி ஸ்காட்டின் நாட்குறிப்பு. கூடாரத்தில் இருந்த எவரும் திரும்பி வந்து சொல்லவில்லை. ஓட்ஸின் சாவு அவர்களைக் காப்பாற்றவும் இல்லை. உணவுக் கிடங்குக்கு 11 மைல் தொலைவில் மற்ற மூவரும் மாத இறுதியில் இறந்தார்கள். முந்தைய வருடம் அந்தக் கிடங்கை இன்னும் தெற்கே கொண்டுபோய் அமைக்கலாம் என்று வற்புறுத்தியவர் ஓட்ஸ்தான். தளர்ந்த குதிரைகளை மேலும் வதைக்க மனமில்லாமல் ஸ்காட் மறுத்துவிட்டார். திட்டமிட்ட இடத்தில் கிடங்கு இருந்திருந்தால் அந்த மூவரும் அதை எட்டியிருப்பார்கள்.

தற்கொலைதானே என்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: வாழ வெறுத்தவர் முன்பே போயிருப்பார். என் கால் உங்கள் கழுத்தில் கட்டிய கல்லாகக் கூடாது என்பதற்காகப் போனார் அவர். அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தில் சாவு என்ற சொல்லே இல்லை. தடுக்க வேண்டிய சங்கடத்தைக்கூட அவர் தோழர்களுக்கு வைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டிய பயணம் என்பதும் உண்மை, அன்று காலை அவர் செய்தது பெருமை என்பதும் உண்மை.

அப்போ ஸ்காட் மாவீரனா, அவசரக்காரனா?

1913 பிப்ரவரியில் செய்தி வந்தபோது செயின்ட் பால் பேராலய அஞ்சலியில் அரசரே கலந்துகொண்டார். அடுத்த அறுபது வருடம் அவர் குறையற்ற வீரர். 1979-ல் வந்த ஒரு நூல் அவரைத் திறமையற்ற தலைவராகச் சித்திரித்தது, அதோடு காற்று திரும்பியது. 2001-ல் வானிலைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அந்த மார்ச் மாதக் குளிர் வழக்கத்தைவிட மிகக் கடுமையானது என்று காட்டினார்கள். மூன்று காலமும் அவரிடம் தனக்கு வேண்டியதைத் தேடியது.

இன்னொரு துருவப் பயணியான ஷாக்கிள்டன் இதற்கு நேரெதிர். 1909-ல் துருவத்துக்கு 97 கடல் மைல் இருக்கும்போது, போனால் உயிரோடு திரும்ப முடியாது என்று கணக்கிட்டுத் திரும்பினார். செத்த சிங்கத்தைவிட உயிருள்ள கழுதை மேல் என்று மனைவியிடம் சொன்னார். பிறகு எண்டூரன்ஸ் கப்பல் பனியில் நொறுங்கியபோது அதிலிருந்த 28 பேரையும் உயிரோடு மீட்டார். (அதே பயணத்துக்காகக் கண்டத்தின் மறுபக்கம் சென்ற குழுவில் மூவர் இறந்தார்கள், அதை மறக்கக்கூடாது.) 2002-ல் பிபிசி நடத்திய மாபெரும் பிரிட்டானியர் வாக்கெடுப்பில் ஷாக்கிள்டன் 11-ஆம் இடம், ஸ்காட் 54. அழகாகச் சாகிற தலைவரிலிருந்து ஆட்களை வீடு சேர்க்கிற தலைவருக்கு மக்கள் மனம் நகர்ந்துவிட்டது.

எட்கர் எவன்ஸை இரண்டு காலமும் கவனிக்கவில்லை. வேல்ஸ் நாட்டுச் சாதாரண மாலுமி, குழுவில் அதிகாரியல்லாத ஒரே ஆள். முதலில் தளர்ந்தவர் அவர் என்பதால் அவர்மேலேயே பழி போட்டு எழுதினார்கள். ஓட்ஸின் சாவுக்கு ஜென்டில்மேன் என்ற பட்டம் கிடைத்தது. எவன்ஸின் சாவுக்கு அவருடைய மனைவிதான் ஊர்க் கோயிலில் கல்வெட்டு வைத்தார்.

முதல் உலகப் போர்ல பயந்து ஓடினவங்களைச் சுட்டுட்டாங்களாமே?

ஆமாம். தன் படையாலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் 306 பேருக்கு 2006-ல்தான் நாடாளுமன்றம் மன்னிப்பு அளித்தது. அவர்களில் ஹாரி ஃபார் என்பவர் 1915-லேயே குண்டதிர்ச்சிக்கு மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தவர். 1916-ல் முன்னணிக்குப் போக முடியாது, தாங்க முடியவில்லை என்றார். விசாரணை சில நிமிடங்களில் முடிந்தது. அக்டோபரில் சுட்டார்கள், கண்ணைக் கட்ட வேண்டாம் என்றாராம். வயது 25. மனைவியின் ஓய்வூதியத்தையும் நிறுத்தினார்கள். மன்னிப்பு வந்தபோது அவருடைய மகள் தொண்ணூறைத் தாண்டியிருந்தார்.

1916 ஜூலை 1 அன்று, சோம் போரின் முதல் நாளில், 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் செத்தார்கள். இப்படிப்பட்ட போரில் உடையாத மனம் எது? 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் ஷெல் ஷாக் என்ற பெயரோடு லான்செட் இதழில் எழுதினார். எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், மறக்க முயலாதே, பேசு என்று அதிகாரிகளுக்குச் சிகிச்சை தந்தார். உதட்டை இறுக்குவதுதான் நோயைக் கூட்டுகிறது என்று ஒரு ராணுவ மருத்துவரே கண்டுகொண்டார். அந்த மருத்துவமனை அதிகாரிகளுக்கு மட்டும். ஃபார் சிப்பாய்.

எங்க பாட்டி கெட்டிக்காரனை எம்டன்ம்பாங்க. அந்தக் கப்பலுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்த ஜெர்மன் கப்பல் எம்டன். அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர், வணிகக் கப்பல்களை மூழ்கடிக்கும் முன் அதிலிருந்த மாலுமிகளைப் பத்திரமாக இறக்கிக் கரைசேர அனுப்பிவிடுவார். எதிரியாக இருந்தும் பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவரை மரியாதையோடு எழுதின. நவம்பரில் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை வீழ்த்திய பிறகு, பிடிபட்ட அதிகாரிகள் தங்கள் வாளை வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். எதிரியிடமும் கௌரவத்தைக் கண்டு வணங்கும் பழக்கம் அந்தப் போரின் தொடக்கத்தில் இன்னும் இருந்தது. சோம் போருக்குப் பிறகு அது அரிதாகிவிட்டது.

இந்த மரியாதையெல்லாம் இந்தியர்களுக்குக் கொடுத்தாங்களா?

விக்டோரியா கிராஸ் எல்லாப் படிநிலைக்கும் என்று மேலே சொன்னேன். இந்தியப் படைவீரர்களுக்கு அது 1911-ல்தான் திறந்தது. 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தில், இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் மற்ற அனைவரும் இறந்த பிறகும் சுட்டுக்கொண்டிருந்த குதாதாத் கான் அதை வென்றார்.

ஐந்து வருடம் கழித்து ஜாலியன்வாலா பாக். அதிகாரபூர்வக் கணக்கிலேயே 379 பேர் சாவு. கலையச் சொல்லி ஓர் எச்சரிக்கைகூட விடாமல் சுட்ட டயரை நாடாளுமன்றத்தின் கீழவை கண்டித்தது. மேலவை அவர் பக்கம் நின்றது, மார்னிங் போஸ்ட் பத்திரிகை அவருக்காக 26,000 பவுண்டு திரட்டியது. நிராயுதபாணிகளைச் சுட்டவருக்குக் கடமை தவறாத வீரர் என்று பட்டம் கொடுத்தவர்கள், பள்ளியில் கௌரவத்தைப் பாடமாகப் படித்தவர்கள். கடமை என்ற சொல்லைக் கேட்கும்போது யாருக்குச் செய்த கடமை என்று கேட்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்.

'கீப் காம் அண்ட் கேரி ஆன்' போஸ்டரைப் பார்த்துத்தானே லண்டன்காரங்க குண்டு மழையைத் தாங்கினாங்க?

பார்க்கவே இல்லை. 1939-ல் ஏறக்குறைய 25 லட்சம் பிரதிகள் அச்சடித்து, பெரும்படையெடுப்பு வந்தால் ஒட்டலாம் என்று வைத்திருந்தார்கள். பெரும்பாலானவை காகிதக் கூழாயின. 2000-ல் அல்னிக் ஊரில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கிடைத்தது. இன்று கோப்பையிலும் பனியனிலும் பார்ப்பதெல்லாம் அதன் பிள்ளைகள்.

உண்மையாகவே ஒட்டிய போஸ்டர் வேறு: உங்கள் துணிவு, உங்கள் மகிழ்முகம், உங்கள் உறுதி நமக்கு வெற்றி தரும் என்றது அது. மக்களுக்குப் பிடிக்கவில்லை. துணிவு உங்களுடையது, வெற்றி நம்முடையதா என்று முணுமுணுத்தார்கள். பாலக்ளாவாவில் சிப்பாய் கேட்கக்கூடாது என்றிருந்த கேள்வியை 1939-ல் கடைத்தெருவில் நின்று கேட்டார்கள். லண்டனில் 57 இரவுகள் தொடர்ந்து குண்டு விழுந்தது. 40,000-க்கும் மேற்பட்ட மக்கள் நாடு முழுக்க இறந்தார்கள். பெருமளவில் மனம் பேதலிப்பார்கள் என்று அரசு எதிர்பார்த்தது நடக்கவில்லை, அது உண்மை. அழவில்லை என்பது உண்மையல்ல. இடிபாடுகளைப் பார்க்க வந்த சர்ச்சிலே எல்லார் முன்னாலும் அழுதார், அதைப் பார்த்த ஜனங்களுக்கு அவர்மேல் நெருக்கம் கூடியது.

டயானா செத்தப்போ நாடே தேம்பி அழுததே, அதோட இந்தப் பழக்கம் போச்சா?

1997 செப்டம்பர் முதல் வாரம் பெரிய அடையாளம்தான். அரண்மனையில் அரைக்கம்பத்தில் கொடி பறக்கவில்லை என்று மக்கள் கோபப்பட்டார்கள். ராணி நேரலையில் பேசினார், அடக்க நாளில் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. ஆனால் அதே நாளில் 15 வயதும் 12 வயதுமான இரண்டு பிள்ளைகள் உலகமே பார்க்கத் தாயின் சவப்பெட்டிக்குப் பின்னால் முகம் அசையாமல் நடந்தார்கள். அவர்களில் இளையவர் 2017-ல், ஏறக்குறைய இருபது வருடம் எல்லாவற்றையும் உள்ளே மூடி வைத்திருந்தேன், பிறகு உதவி நாடினேன் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

2020-ல் கொரோனா வந்தபோது ராணி மறுபடியும் தன்னடக்கத்தையும் அமைதியான உறுதியையும் பற்றிப் பேசினார், பலருக்கு அது தெம்பூட்டியது. வியாழக்கிழமை மாலைகளில் வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்குக் கை தட்டினோம். நானும் தட்டினேன். வீரர் என்று சொல்லாதீர்கள், பாதுகாப்பு உடை கொடுங்கள் என்று அவர்களில் பலர் சொன்னார்கள். இந்த நாட்டில் கொரோனாவால் முதலில் இறந்த பத்து மருத்துவர்களும் சிறுபான்மை இனப் பின்னணி கொண்டவர்கள்.

என் பையன்கிட்ட ஆம்பளை அழக்கூடாதுன்னு சொல்றேன். ஸ்கூல்ல மிஸ் வேற மாதிரி சொல்றாங்க. யார் சரி?

ஆசிரியை சொல்வதைக் கேளுங்கள். இந்த நாட்டில் தற்கொலை செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் ஆண்கள். பல வருடங்களாக இதே நிலை. ரிவர்ஸ் நூறு வருடம் முன்பு கண்டதை இன்னும் நாம் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

மனவுறுதியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எபிக்டீட்டஸ் சொன்னது உள்ளே நடக்கிற விசாரணை என்றேன் அல்லவா? இன்று இங்கே அரசு மருத்துவமனைகளில் மனச்சோர்வுக்கு அளிக்கும் சிந்தனை மாற்றச் சிகிச்சையை உருவாக்கியவர்கள் அந்தப் பழைய தத்துவத்துக்குக் கடன்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். பையன் அழுது முடிக்கட்டும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நினைச்சே, அது சரிதானா பார்ப்போமா என்று கேளுங்கள்.

லண்டன் வந்தா இதெல்லாம் எங்க பார்க்கலாம்?

ஒரு நாள் போதும். வாட்டர்லூ பிளேஸில் ஸ்காட் சிலை. வடித்தவர் அவருடைய மனைவி கேத்லீன். அங்கிருந்து டிரஃபால்கர் சதுக்கத்தைத் தாண்டினால் எடித் கேவல் சிலை. பெல்ஜியத்தில் நேச நாட்டு வீரர்கள் தப்பிக்க உதவியதற்காக 1915-ல் ஜெர்மானியர் சுட்டுக் கொன்ற செவிலியர். 1920-ல் சிலை வைத்தபோது அரசருக்காகவும் நாட்டுக்காகவும் என்று எழுதியிருந்தார்கள். சாவுக்கு முன் அவர் சொன்னது வேறு: நாட்டுப்பற்று மட்டும் போதாது, யார்மேலும் எனக்கு வெறுப்போ கசப்போ இருக்கக்கூடாது. பெண்கள் அமைப்பு வற்புறுத்தி 1924-ல்தான் அதைச் சேர்த்தார்கள். இரண்டு எழுத்துகளையும் அருகருகே படித்துப் பாருங்கள்.

கடைசியாகப் போஸ்ட்மேன்ஸ் பார்க். செயின்ட் பால் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிட நடை, பக்கத்து அலுவலகங்களில் இருப்பவர்கள் மதியம் சாப்பிட வரும் இடம். 120 பலகைகளுக்கு இடம் விட்டுக் கட்டிய சுவரில் 54 இருக்கின்றன. 78 வருட இடைவெளிக்குப் பிறகு 2009-ல் ஒன்று சேர்ந்தது, தேம்ஸ்மீடில் நீரில் தத்தளித்த சிறுவனைக் காப்பாற்றி உயிர்விட்ட லீ பிட் என்பவருக்கு. அலிஸ் அயர்ஸ் பலகையைப் பார்த்த பிறகு சாலமன் கலமன் பெயரைத் தேடுங்கள். 1901-ல் கமர்ஷியல் தெருவில் வண்டிக்கு அடியில் போக இருந்த தம்பியைத் தள்ளிவிட்டுத் தான் மாட்டிக்கொண்ட பிள்ளை, வயது 11. அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள்: "அம்மா, அவனைக் காப்பாத்திட்டேன், என்னைத்தான் காப்பாத்திக்க முடியல."